கருப்பு பெல்ட் சான்றிதழில் யார் கையெழுத்து? டேக்வாண்டோ பற்றி வாசகர் கேள்விகள்

கோடை விடுமுறை வகுப்புகளுக்குப் பணம் கட்டும் நேரம். கைக்கு வந்த கடிதங்களில் நிறைய, கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோ பற்றியே இருந்ததால், இந்த முறை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: எங்கள் ஏரியாவில் இரண்டு டேக்வாண்டோ வகுப்புகள். ஒன்றில் ‘ஒலிம்பிக் ஸ்டைல்’ என்று போர்டு, மாதம் 1,200 ரூபாய். இன்னொன்றில் ‘ஒரிஜினல் ஐடிஎஃப்’ என்கிறார்கள், மாதம் 900. மற்றவர் சொல்லித்தருவது டேக்வாண்டோவே இல்லை என்று இரண்டு மாஸ்டர்களும் சொல்கிறார்கள். எட்டு வயது மகளை எதில் சேர்ப்பது? (கோவை வாசகி)

பதில்: இரண்டுமே டேக்வாண்டோதான். பங்காளிச் சண்டையில் ஒவ்வொரு வீட்டாரும் ‘நாங்கள்தான் மூத்த வழி’ என்பது போன்ற பேச்சு இது. ஆனால் அந்தச் சண்டையின் கதை தெரிந்தால் நீங்கள் எதற்குப் பணம் கட்டுகிறீர்கள் என்பதும் புரிந்துவிடும். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

1945இல் கொரியா ஜப்பானிடமிருந்து விடுபட்டது. அந்தக் காலகட்டத்தில் சியோலிலும் சுற்றுப்புறத்திலும் ‘குவான்’ என்ற பெயரில் தனித்தனிப் பயிற்சிக்கூடங்கள் முளைத்தன: சுங் டோ குவான், மூ டுக் குவான், சோங் மூ குவான், ஜி டோ குவான், சாங் மூ குவான். இவற்றை நடத்தியவர்களில் பலர் ஜப்பானில் கராத்தே படித்துவிட்டு வந்தவர்கள். ஒவ்வொரு கூடமும் தன் கலைக்கு ஒவ்வொரு பெயர் வைத்திருந்தது. ‘டேக்வாண்டோ’ என்ற பெயர் வந்ததே 1955இல்தான். அதை முன்வைத்தவர் தென்கொரிய ராணுவ ஜெனரல் சோய் ஹோங் ஹி. ‘2000 ஆண்டுப் பழமையான கலை’ என்று நோட்டீஸில் பார்த்தால் சிரித்துவிட்டுக் கட்டண விவரத்துக்குப் போய்விடுங்கள்.

சோய் 1966இல் சியோலில் ஐடிஎஃப், அதாவது சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பைத் தொடங்கினார். பிறகு அன்றைய தென்கொரிய அதிபர் பார்க் சுங் ஹியின் அரசோடு ஒத்துப்போகாமல் 1972இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். கூடவே ஐடிஎஃப் தலைமையகமும் போனது. அதே ஆண்டு நவம்பரில் சியோலில் டேக்வாண்டோவின் தலைமைக் கூடமான குக்கிவான் திறக்கப்பட்டது. 1973இல் கிம் உன் யோங் தலைமையில் உலக டேக்வாண்டோ கூட்டமைப்பு உருவானது. அதன் ஆங்கிலச் சுருக்கமான ‘டபிள்யூடிஎஃப்’ இணையத்தில் கெட்ட வார்த்தையாகிவிட்டதால் 2017இல் ‘வேர்ல்டு டேக்வாண்டோ’ என்று பெயரைச் சுருக்கிக்கொண்டார்கள். ஒலிம்பிக் அங்கீகாரம் இந்த அமைப்புக்குத்தான். 1988லும் 1992லும் காட்சி விளையாட்டாக இருந்த டேக்வாண்டோ, 2000 சிட்னி ஒலிம்பிக்கிலிருந்து பதக்க விளையாட்டு. ஐடிஎஃப் வழியாக ஒலிம்பிக்குக்குப் பாதை கிடையாது.

சரி, வகுப்பில் என்ன வித்தியாசம்? வேர்ல்டு டேக்வாண்டோ போட்டியில் கால்தான் ராஜா. முகத்தில் குத்தக் கூடாது. உடம்பில் குத்தினால் 1 புள்ளி, உதைத்தால் 2, தலையில் உதைத்தால் 3, சுழன்று உதைத்தால் இன்னும் கூடுதல். ஐடிஎஃப் போட்டியில் கையுறை போட்டுக்கொண்டு முகத்திலும் குத்தலாம், ஆனால் வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். அங்கே சண்டை தவிர பலகை உடைப்பது, உயரத்தில் எகிறி உதைப்பது எல்லாம் தனித்தனிப் போட்டிகள். தனியாகச் செய்துகாட்டும் அசைவு வரிசையும் வேறு. குக்கிவான் வழியில் அதற்குப் பெயர் பூம்சே, தொடக்கநிலைக்கு தேகுக் 1 முதல் 8 வரை. ஐடிஎஃப்பில் துல், மொத்தம் 24. ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிப்பதாகச் சோய் கணக்கு வைத்தார். ஒன்றில் படித்த பிள்ளை மற்றொன்றுக்கு மாறினால் இந்தப் பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும். பாதியில் மாறுவது செலவு என்பது இதனால்தான்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு எந்த வழி என்பதைவிட எந்த மாஸ்டர் என்பதுதான் முக்கியம். இரண்டிலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பெற்றோர் உட்காரக் கூடாது என்றால் அங்கேயே முடிவு தெரிந்துவிட்டது. மகளுக்கு ஒலிம்பிக் வழிப் போட்டி ஆசை உண்டென்றால் ‘ஒலிம்பிக் ஸ்டைல்’ போர்டு வைத்த வகுப்பு. அப்படி எதுவும் இல்லையென்றால் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது. 300 ரூபாய் வித்தியாசத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். உண்மையான செலவு மாதக் கட்டணத்தில் இல்லை, பெல்ட் தேர்வில் இருக்கிறது. இரண்டு மாஸ்டர்களிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: “வெள்ளை பெல்ட்டிலிருந்து கருப்பு பெல்ட் வரை எத்தனை தேர்வு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, கடைசியில் வரும் சான்றிதழில் யார் கையெழுத்து இருக்கும்?”

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. கருப்பு பெல்ட் தேர்வுக்கு 14,000 ரூபாய் கேட்கிறார்கள். ‘இன்டர்நேஷனல் சர்டிஃபிகேட்’ வரும் என்கிறார்கள். அது உண்மையானது என்று எப்படித் தெரிந்துகொள்வது? (திருச்சி வாசகர்)

பதில்: ‘இன்டர்நேஷனல்’ என்ற சொல்லுக்குக் காப்புரிமை இல்லை. அச்சகத்துக்குப் போனால் நானும் ஒன்று அடித்துத் தரலாம். எந்த அமைப்பின் பெயர் அச்சாகி வரும் என்பதை மட்டும் கேளுங்கள். பொதுவாக மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதல் வகை, குக்கிவான் சான்றிதழ். சியோலிலிருந்து வருவது. வேர்ல்டு டேக்வாண்டோ போட்டிகளை நடத்துகிறது, கருப்பு பெல்ட் தகுதியைப் பதிவு செய்வது குக்கிவான். இரண்டும் வேறு வேறு அமைப்புகள், பல மாஸ்டர்களே இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். இதன் பெரிய வசதி, குக்கிவான் இணையதளத்திலேயே சான்றிதழ் எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம் என்பது. இரண்டாவது, ஏதாவது ஓர் ஐடிஎஃப் பிரிவு தரும் சான்றிதழ். அந்த வட்டத்துக்குள் மதிப்புள்ளது. மூன்றாவது, வகுப்போ மாவட்டச் சங்கமோ தானே தருவது. உங்கள் பிள்ளையின் உழைப்புக்கு அடையாளம் என்ற அளவில் அதில் தப்பில்லை. வேறு ஊருக்கு, வேறு வகுப்புக்குப் போனால் அதை ஏற்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் கிடையாது. மூன்றாவது வகையைத் தந்துவிட்டு முதல் வகையின் விலையை வாங்குவதுதான் பிரச்சினை.

உங்கள் மகன் விஷயத்தில் இன்னொன்று. குக்கிவான் கணக்கில் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு ‘டான்’ என்ற கருப்பு பெல்ட் படிநிலை கிடையாது, சிறுவர்களுக்கான ‘பூம்’தான். பெல்ட்டும் பாதி சிவப்பு, பாதி கருப்பு. 15 வயதானதும் விண்ணப்பித்து டானாக மாற்றிக்கொள்ளலாம். ஒன்பது வயதுப் பையனுக்கு ‘குக்கிவான் முதல் டான்’ வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், ஒன்று அவருக்கு விதி தெரியாது, இல்லை உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

14,000 ரூபாயைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்: தேர்வுக் கட்டணம் எவ்வளவு, சியோலுக்குப் போவது எவ்வளவு, பெல்ட்டும் டிரஸ்ஸும் எவ்வளவு. மாஸ்டரின் உழைப்புக்கு ஒரு பங்கு இருப்பதில் எனக்கு ஆட்சேபமே இல்லை, அது எது என்று தெரிந்தால் போதும். சான்றிதழ் எத்தனை மாதத்தில் கைக்கு வரும் என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: அண்ணன் மகனின் டேக்வாண்டோ டிரஸ் புதுசு மாதிரி இருக்கிறது. என் மகன் வேறு வகுப்பு. அதையே போடலாமா? (மதுரை வாசகி)

பதில்: கழுத்தைப் பாருங்கள். ‘வி’ வடிவக் கழுத்து, தலைவழியாக மாட்டுவது என்றால் வேர்ல்டு டேக்வாண்டோ வகை. சட்டை மாதிரி முன்பக்கம் திறப்பது, முதுகில் மர வடிவ எழுத்து இருப்பது ஐடிஎஃப் வகை. வகுப்பும் அதே வகையென்றால் தாராளமாகப் போடலாம். காலர் நிறத்தையும் கவனியுங்கள்: ‘வி’ கழுத்தில் கருப்புக் காலர் கருப்பு பெல்ட்டுக்காரருக்கு, சிவப்பும் கருப்பும் பூம் பிள்ளைகளுக்கு, மற்றவர்களுக்கு வெள்ளை.

அனுபவத்தில் சொல்கிறேன். அக்கா மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக ‘வி’ கழுத்து டிரஸ்ஸும் மார்புக் கவசமும் வாங்கிக்கொண்டு போனேன். அவன் வகுப்பு ஐடிஎஃப். கையுறையும் பாதக் கவசமும்தான் அங்கே தேவை. கடைக்காரர் “டேக்வாண்டோவுக்குத்தானே கேட்டீங்க” என்றார், அவர் சொன்னதிலும் தப்பில்லை. அந்தக் கவசம் இன்னும் எங்கள் பரண்மேல் இருக்கிறது.

கேள்வி: போட்டிக்கு சென்சார் வைத்த சாக்ஸ் வாங்கச் சொல்கிறார்கள். ஆன்லைனில் இரண்டு பிராண்டு காட்டுகிறது. எது நல்லது? (சென்னை வாசகர்)

பதில்: எது நல்லது என்பது கேள்வியே இல்லை, போட்டியில் எந்தக் கருவி என்பதுதான் கேள்வி. டேடோ, கேபிஎன்பி இரண்டும் பெரிய போட்டிகளில் புழங்கும் மின்னணுக் கவச முறைகள். ஒன்றின் சாக்ஸ் மற்றொன்றின் கவசத்தோடு பேசாது. பிள்ளை எவ்வளவு பலமாக உதைத்தாலும் புள்ளி ஏறாது. அதே பிராண்டில் பழைய தலைமுறை, புதிய தலைமுறை என்று வேறு இருக்கிறது. போட்டி அறிவிப்பில் எந்த முறை என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். கவசத்தைப் போட்டி நடத்துபவர்களே தருவார்கள், அதற்குச் செலவு வேண்டாம். மாவட்ட அளவில் சாதாரணக் கவசத்தோடு நடுவர் கையால் புள்ளி போடும் போட்டிகளும் உண்டு. அங்கே இந்த சாக்ஸே தேவையில்லை.

கேள்வி: டொரண்டோவில் இருக்கிறோம். மகளை ஐடிஎஃப் வகுப்பு என்று சேர்த்தோம். இப்போது வேறு ஊருக்கு மாறினால், அங்குள்ள ஐடிஎஃப் ‘நீங்கள் வேறு ஐடிஎஃப்’ என்கிறது. ஐடிஎஃப்பில் எத்தனை ஐடிஎஃப்? (டொரண்டோ வாசகி)

பதில்: சோய் வந்து இறங்கிய ஊரிலிருந்தே இந்தக் கேள்வி! அவர் 2002இல் பியோங்யாங்கில் இறந்தார். அதையொட்டி அமைப்பு மூன்றாக உடைந்தது. வட கொரியாவைச் சேர்ந்த சாங் உங் தலைமையில் ஒன்று, சோயின் மகன் சோய் ஜுங் ஹ்வா தலைமையில் ஒன்று, வியட்நாமில் பிறந்து கனடாவில் வாழ்ந்த டிரான் டிரியூ குவான் தலைமையில் ஒன்று. மூன்றும் தங்களை ஐடிஎஃப் என்றே அழைத்துக்கொண்டன. இதற்கு முன்பே 1990இல் பார்க் ஜுங் டே என்ற மாஸ்டர் ஐடிஎஃப்பிலிருந்து பிரிந்துபோய் குளோபல் டேக்வாண்டோ கூட்டமைப்பைத் தொடங்கியிருந்தார்.

உங்களுக்கு ஓர் ஆறுதல். இந்த மூன்றிலும் அடிப்படைப் பாடம் அதே 24 துல்தான், மகளின் உழைப்பு வீணாகாது. சான்றிதழும் போட்டி உரிமையும்தான் பிரச்சினை. புது வகுப்பில் பழைய பெல்ட்டை அப்படியே ஏற்பார்களா, தேர்வு வைப்பார்களா, அதற்குக் கட்டணம் உண்டா என்று சேரும் முன்பே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மாஸ்டர்கள் பிள்ளை செய்துகாட்டுவதைப் பார்த்துவிட்டு நியாயமாகவே முடிவெடுப்பார்கள்.

கேள்வி: கருப்பு பெல்ட் இருந்தால் கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டா கிடைக்குமா? (சேலம் வாசகர்)

பதில்: பெல்ட்டுக்குக் கிடைக்காது. போட்டியில் பெற்ற இடத்துக்குத்தான், அதுவும் அறிவிப்பில் சொல்லியிருக்கும் போட்டியாக இருந்தால். டேக்வாண்டோவை நடத்தும் உரிமை யாருக்கு என்று நம் நாட்டில் சங்கங்களுக்குள் வழக்குகள் நடந்திருக்கின்றன. அதனால் ‘தேசியப் போட்டி’ என்று யாராவது பணம் கேட்டால், நடத்தும் சங்கத்துக்கு அந்த ஆண்டு அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். வேர்ல்டு டேக்வாண்டோ தன் இணையதளத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் எந்தச் சங்கம் உறுப்பினர் என்று வெளியிடுகிறது. கோட்டா விண்ணப்பத்துக்கு அந்தந்த ஆண்டுக் கையேட்டைத் தவிர வேறு யார் சொல்வதையும் நம்ப வேண்டாம்.

கேள்வி: ஒரு வருடக் கட்டணம் மொத்தமாகக் கட்டினோம். இரண்டே மாதத்தில் மாஸ்டர் மாறிவிட்டார், சொல்லித்தரும் ஸ்டைலும் மாறிவிட்டது. பணம் திரும்பத் தர முடியாது என்று ரசீதில் அச்சடித்திருக்கிறார்கள். (ஈரோடு வாசகர்)

பதில்: அப்படி அச்சடித்துவிட்டாலே எல்லாம் முடிந்துபோகாது. நீங்கள் பணம் கட்டியது ஒரு குறிப்பிட்ட பயிற்சிக்கு. குக்கிவான் வழி என்று சொல்லிச் சேர்த்துவிட்டு ஐடிஎஃப் வழி சொல்லித்தந்தால் அது வாக்களித்த சேவை அல்ல என்று நீங்கள் வாதிடலாம். நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்தி, போர்டின் போட்டோ எல்லாவற்றையும் எடுத்துவையுங்கள். மீதிப் பத்து மாதப் பணத்தைக் கேட்டுத் தேதி போட்டு ஒரு கடிதம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கட்டியது 5 லட்சத்துக்குள் என்பதால் புகார்க் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பெரும்பாலும் கடிதத்திலேயே பாதிப் பணமாவது வந்துவிடும் என்பது என் அனுபவம். அடுத்த தடவை மூன்று மாதத்துக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: டாங் சூ டோ, ஹாப்கிடோ இவையும் டேக்வாண்டோதானா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: டாங் சூ டோ நெருங்கிய சொந்தம். மூ டுக் குவானைத் தொடங்கிய ஹ்வாங் கீ, குவான்கள் டேக்வாண்டோ என்ற ஒரே பெயருக்குள் ஒன்றிணைந்தபோது அதற்குள் வராமல் தனியே வளர்த்த வழி. ஹாப்கிடோ வேறு கலை. மூட்டுப் பூட்டு, தூக்கி எறிதல் எல்லாம் அதில் அதிகம். இவற்றின் பெல்ட்டுக்குக் குக்கிவான் சான்றிதழ் வராது.

கேள்வி: பெல்ட்டைத் துவைக்கலாமா? துவைத்தால் கற்றது போய்விடும் என்கிறாள் மகள். (தஞ்சாவூர் வாசகி)

பதில்: கற்றது போகாது, சாயம்தான் போகும். பருத்தி பெல்ட்டைக் குளிர்ந்த நீரில் கையால் அலசி நிழலில் உலர்த்துங்கள். வெந்நீர் பட்டால் சுருங்கிவிடும். வெள்ளை டிரஸ்ஸோடு ஒரே வாளியில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.