மூடிய ரயில்வே கேட்: கேள்வி பதில்

ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால், கேட் பற்றிக் கேட்டவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: ரயில் கண்ணுக்கே தெரியவில்லை, அதற்குள் ஏன் மூடுகிறார்கள்?

இன்டர்லாக் செய்த, அதாவது சிக்னலோடு பிணைத்த கேட்டில், மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்கு சிக்னல் கிடைக்கும். மணிக்கு 110 கிலோமீட்டரில் வரும் ரயில் நொடிக்கு 30 மீட்டர் தாண்டும். எமர்ஜென்சி பிரேக் போட்டாலும் நிற்கக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ஆகும். கண்ணுக்குத் தெரிந்த பிறகு மூடுவது நடக்காத காரியம்.

கேள்வி: ஆம்புலன்ஸ் நிற்கும்போதாவது திறக்கலாமே?

சிக்னல் கொடுக்கும் முன் என்றால், ஸ்டேஷன் மாஸ்டரிடம் பேசித் திறக்க வழி உண்டு. கொடுத்த பிறகு பூட்டு விடாது. கேளுங்கள், சண்டை போடாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் நாலு பேர் ஹாரன் அடித்தால் கேட்கீப்பர் திறந்துவிடுவாரே?

அது இன்டர்லாக் இல்லாத கேட்டாக இருக்கும். எனக்குப் பெரிய பயமே அங்கேதான். ஸ்டேஷன் மாஸ்டர் போனில் ரயில் வருவதைச் சொல்வார். கேட்கீப்பர் மூடிவிட்டு 'பிரைவேட் நம்பர்' என்ற ரகசிய எண்ணைச் சொல்வார். இருவரும் எழுதிக்கொள்வார்கள். அந்தச் சொல்லை நம்பித்தான் ரயிலே வருகிறது. அதன்பின் கேட்டைத் திறந்தால் எந்த சிக்னலும் சிவப்பாகாது, டிரைவருக்கும் தெரியாது. 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்களே, அது இன்டர்லாக் இல்லாத கேட். அதற்குப் பிறகுதான், போக்குவரத்து குறைவான கேட்களுக்கும் இன்டர்லாக் போட ரயில்வே உத்தரவிட்டது. அதுவரை தயவுசெய்து அந்த மனிதரை நெருக்காதீர்கள்.

கேள்வி: பைக்கைச் சாய்த்து அடியில் நுழைந்தால்?

இரட்டைப் பாதையில் ஒரு ரயில் போனதும் நுழைகிறார்கள். எதிர்ப்பக்கம் வரும் ரயிலை அதே ரயில்தான் மறைத்துக்கொண்டு போகிறது. சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன்: ரயில்வே சட்டம் 160-வது பிரிவின்படி மூடிய கேட்டைத் திறந்தால் 3 ஆண்டு வரை சிறை, உடைத்தால் 5 ஆண்டு வரை.

கேள்வி: வண்டி தண்டவாளத்தில் நின்றுவிட்டால்?

முதலில் எல்லோரும் இறங்குங்கள். உடனே கேட்கீப்பரிடம் சொல்லுங்கள். இன்டர்லாக் கேட் என்றால் சிக்னலைச் சிவப்பாக்குவது, ஸ்டேஷனுக்குத் தெரிவிப்பது எல்லாம் அவர் கையில்தான். அவரிடம் சிவப்புக் கொடியும், தண்டவாளத்தின் மேல் வைக்கும் டெட்டனேட்டர் என்ற சிறு வெடிகளும் இருக்கும். அகலப்பாதையில் வண்டி நிற்கும் இடத்திலிருந்து 600 மீட்டரில் ஒன்று, 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வைக்க வேண்டும். இன்ஜின் ஏறியதும் அவை வெடித்து டிரைவரை உஷார்ப்படுத்தும். அவ்வளவு தூரம் அவர் ஓட வேண்டும். தள்ளிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நீங்கள் நின்றால், அந்த நேரம் அவருக்குக் கிடைக்காது.