வளவு ஓட்டுக்கு வைத்த நகை

கேள்வி: மதுரையில் ஒரு மருத்துவமனையின் ஜீரணப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கைக்கு ₹44,000 வருகிறது. பிரிட்டன் போய் இதே துறையில் கிளினிக்கல் சயின்டிஸ்ட் ஆக ஆசை. அதற்காக மாதம் ₹5,000 யூலிப்பில் (முதலீடும் சேர்ந்த ஆயுள் காப்பீடு) போடச் சொல்கிறார் தெரிந்தவர். போடலாமா? தேவகோட்டைப் பங்கு வீட்டு மராமத்துக்கு வாங்கிய நகைக்கடன் ₹6 லட்சம் இருக்கிறது. வட்டி தவறாமல் கட்டிவருகிறேன்.

பதில்: யூலிப் கிடக்கட்டும். கடைசி வரியில் போகிறபோக்கில் சொன்னீர்களே, அங்கேதான் கோளாறு.

ரசீதுகளைப் பார்த்தேன். நான்கு வருடத்துக்கு முன் ₹2 லட்சம். பவுன் விலை ஏற ஏற, நகையைத் திருப்பி அன்றைக்கே கூடுதல் தொகைக்கு மறு அடகு. முதலில் வளவு (உள்முற்றப் பகுதி) ஓடு, அப்புறம் மேல்மாடி உத்தரம், போன வருடம் முகப்புக்குச் சுண்ணாம்புப் பூச்சு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் பெரியப்பாவின் போன். "மாதச் சம்பளம் வாங்குற பிள்ளை நீதானே" என்றதும் உங்களுக்கு வாய் அடைத்துவிடுகிறது. வீட்டில் பதினோரு பங்கு என்கிறீர்கள். மற்ற பத்துப் பேர் என்ன கொடுத்தார்கள் என்று ஒரு வரி இல்லை.

வட்டி 18%. வருடம் ₹1,08,000, மாதம் ₹9,000. சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு போயும் அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை.

நெஞ்செரிச்சல் என்று வருகிறவருக்கு மூக்கு வழியாக மெல்லிய குழாயை இறக்கி, இடுப்பில் ரெக்கார்டரை மாட்டி, 24 மணி நேரமும் எப்போது சாப்பிட்டார், எப்போது படுத்தார், எப்போது எரிந்தது என்று எழுதச் சொல்வீர்கள் அல்லவா? அமிலம் மேலேறிய நேரத்தோடு அதை ஒப்பிட்டால்தான் விஷயம் பிடிபடும். அடகு ரசீதின் தேதிகளையும் பெரியப்பா போன் செய்த தேதிகளையும் அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

சரி, செய்ய வேண்டியது. கடன் ₹3 லட்சமாகும் அளவுக்கு நகையை விற்றுவிடுங்கள். அப்பத்தா போட்ட காசுமாலை இருக்கட்டும்; கல் வைக்காத வளையல், சங்கிலி போகட்டும். மனசு வராதுதான். ஆனால் நான்கு வருடமாக அவை உங்கள் கழுத்திலா இருக்கின்றன? மிச்சக் கடனை வங்கிக்கு மாற்றுங்கள். சுமார் 10% என்று வைத்தால் வட்டி மாதம் ₹2,500. இப்போது கட்டும் ₹9,000-ஐயே தொடர்ந்து கட்டினால் மூன்றேகால் வருடத்தில் கடன் தீரும்.

18% வட்டி கட்டிக்கொண்டு, ஐந்து வருடம் கைவைக்க முடியாத யூலிப்பில் பணம் போடச் சொன்னவருக்குக் கமிஷன் நிச்சயம். உங்களுக்கு என்ன நிச்சயம்? பிரிட்டனில் கிளினிக்கல் சயின்டிஸ்ட் என்று போட்டுக்கொள்ளவே ஹெச்.சி.பி.சி. (அங்கே சுகாதாரத் தொழில் செய்வோரைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவு சட்டப்படி கட்டாயம். அந்த விண்ணப்பச் செலவுக்குச் சின்னதாக ஒரு ரெக்கரிங் டெபாசிட் போதும்.

பிள்ளையார் நோன்புக்குப் பங்காளிகள் கூடும்போது, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேளுங்கள்: "பெரியப்பா, மராமத்துக் கணக்கைக் கொடுங்கள். பதினொன்றில் ஒன்று என் பங்கு, அன்றைக்கே தந்துவிடுகிறேன்."