நெல் காய்ந்ததா, ஈரமா?

"உங்களைச் சுற்றியிருப்பதை வைத்து ஓர் ஓவியத் தொகுப்பு செய்யுங்கள் என்று கல்லூரியில் சொல்லியிருக்கிறார்கள். நான் காவிரி டெல்டாக்காரன். வயல், கோபுரம், ஆறு என்று எல்லோரும் வரைந்ததைத்தான் நானும் வரைய வேண்டுமா? உங்கள் மாணவப் பருவத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தவள். ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கம். வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பிலிருந்து வரும் தண்ணீர்தான் எங்கள் வயலுக்கும். இறுதியாண்டுத் தொகுப்புக்கு நான் எடுத்துக்கொண்டது எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தின் களம். தார்ப்பாய், குவியல், சாக்கு, எடை மேடை, தூற்றும் இயந்திரம், இரவில் நெல்லுக்குப் பக்கத்திலேயே கட்டில் போட்டுப் படுத்திருக்கும் ஆட்கள். இதையெல்லாம் யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை. ஆனால் யாரும் வரையாததைத் தேடிப் போய் நான் அங்கே நிற்கவில்லை. குறுவை அறுப்பு முடிந்தால் எங்கள் வீடே அந்தக் களத்துக்குக் குடிபெயர்ந்துவிடும். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. தூக்குவாளியைக் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து கோட்டோவியம் போடுவேன்.

டெல்டாவின் வயலை வரைகிறவர்களில் பெரும்பாலோர் பஸ் ஜன்னலிலிருந்து தெரியும் வயலைத்தான் வரைகிறார்கள் என்பது என் கருத்து. பச்சை விரிந்து கிடக்கும், தூரத்தில் ஒரு கோபுரம், நடுவே இரண்டு தென்னை. அழகுதான், பொய்யும் இல்லை. ஆனால் அந்த வயலுக்குள் நிற்பவர் பார்ப்பது அதுவல்ல. அம்மாவுக்கு நாற்றங்கால் பச்சை வேறு, நட்டு வேர் பிடித்த பச்சை வேறு, யூரியா கூடிப்போன கரும்பச்சை வேறு. அந்தக் கரும்பச்சையைப் பார்த்தால் அம்மா மகிழமாட்டார், புகையான் பூச்சி வருமோ என்று தூரைப் பிரித்துப் பார்ப்பார். ஓரிடத்தில் வாழ்கிறவர்கள் எதைக் கவலையோடு பார்க்கிறார்களோ அதுதான் அந்த இடம் என்று நான் நம்புகிறேன். என் தொகுப்பு அந்த நம்பிக்கையில்தான் நின்றது.

அதை எனக்குத் தெளிவாக்கியவர் அப்பா. முதல் வண்ண வரைவை அவரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏம்மா, இந்த நெல் காய்ந்ததா, ஈரமா?"

இதைவிட நல்ல விமர்சனத்தை எந்த ஆசிரியரிடமும் நான் கேட்டதில்லை. கொள்முதலுக்கு நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில் வருகிறது. வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் இறங்குகிறது. மழை மிகுந்த ஆண்டுகளில் அந்த வரம்பைத் தளர்த்தக் கோரி டெல்டா முழுவதும் குரல் எழும். களத்தில் நிற்கும் ஒவ்வொருவரும் ஒரு பிடி நெல்லை அள்ளி, ஒன்றிரண்டை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பார்கள். நொறுங்கினால் முகம் ஒரு மாதிரி, நசுங்கினால் வேறு மாதிரி. ஆக, நான் வரைய வேண்டியது குவியலின் வடிவத்தை அல்ல, அதன் ஈரத்தை.

ஈரத்தை எதைக் கொண்டு வரைவது? கடையில் வாங்கும் அக்ரிலிக் எப்போதும் ஒரே நிறத்தில் இருக்கும். எங்கள் மண் அப்படியில்லை. நனைந்தால் கிட்டத்தட்டக் கருப்பு, காய்ந்தால் வெளிறிய சாம்பல். எனவே மண்ணையே வண்ணமாக்கினேன். வாய்க்கால் தூர் வாரும்போது கரையில் எடுத்துப் போடும் வண்டலைத் தண்ணீரில் கரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஓர் இரவு தெளியவிட்டு, மேல்நீரை இறுத்துவிட்டால் அடியில் நைசான களி கிடைக்கும். சுவாமிமலை ஸ்தபதிகள் சிலை வார்ப்பதற்காகச் செய்யும் மெழுகு உருவின்மேல் முதலில் பூசுவது காவிரி வண்டலைத்தான். விரல் நகத்தின் கோடு வரை அது பிடித்துக்கொள்ளும். கல்லூரியிலிருந்து சற்றுத் தூரத்தில் இருக்கும் அந்தப் பட்டறைகளுக்குப் போய், எவ்வளவு நீர்க்கக் கரைக்கிறார்கள், ஒரு பூச்சு காய எவ்வளவு நேரம் விடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தேன். தடிமனாகப் பூசினால் எங்கள் மண் பாளம் பாளமாக வெடிக்கும். மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்தபின் அடுத்தது என்று ஏற்ற வேண்டும். கருப்புக்கு உமிக்கரி, சிவப்புக்குச் செங்கல் பொடி. மஞ்சளுக்கு மஞ்சள் கிழங்கைத் தொடவில்லை, வெளிச்சம் பட்டால் அது வெளுத்துவிடும். மஞ்சள் காவி வாங்கிக்கொண்டேன். பிசினுக்கு வேப்பம்பிசின்.

கித்தானுக்குப் பதில் பழைய சணல் சாக்கு. தையலைப் பிரித்து மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, புளியங்கொட்டைப் பசை தடவி ஓட்டைகளை அடைத்தேன். தஞ்சாவூர் ஓவியத்தில் பலகைமேல் துணி ஒட்டவும் இந்தப் பசை உண்டு. பூச்சி அரிக்காமல் இருக்க அதில் கொஞ்சம் மயில்துத்தம் கலக்க வேண்டும். சாக்கில் அச்சடித்திருந்த எழுத்துகளை நான் மறைக்கவில்லை. நெல்லின் ஊடே அவை அங்கங்கே தெரிந்தன.

குவியலின் அடிப்பகுதிக்கு மட்டும் பிசினை மிகமிகக் குறைத்தேன். பிசின் நிறைய இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. குறைந்தால் மண் தண்ணீரைக் குடித்துக் கருக்கும், காற்றில் மெல்ல வெளிறும். கண்காட்சியில் அந்தப் பெரிய சட்டத்துக்கு முன்னால் ஒரு சொம்பில் தண்ணீர் வைத்தேன். பார்க்க வருகிறவர்கள் கையால் தெளிக்கலாம். தெளித்த இடம் உடனே கருக்கும். அது மறுபடி காயும்வரை நின்று பார்க்கலாம், அல்லது போய்விடலாம். தேர்வாளர் ஒரு நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டு, காயும்வரை உட்கார்ந்திருந்தார். எனக்கு அது பெரிய மரியாதை.

நகரத்திலிருந்து வந்தவர்கள் ஆசையோடு தெளித்தார்கள், குழந்தைகள் இன்னும் அதிகமாக. ஊரிலிருந்து அம்மா, அத்தை, பக்கத்து வயல்காரர்கள் சிலர் ஒரு வேனில் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட அந்தச் சொம்பைத் தொடவில்லை. நான் எடுத்துக் கொடுத்தும் அம்மா வாங்கவில்லை. "நெல்லில் யாராவது தண்ணீர் தெளிப்பார்களா?" என்று கேட்டார். அத்தை ஒரு படி மேலே போய், தெளிக்க வந்த ஒரு பையனின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். நான் செய்த வேலை எந்த அளவு உண்மையாக இருந்தது என்பதற்கு அந்தக் கை ஒன்றே எனக்குப் போதும். இப்போது அந்தத் தொகுப்பை நினைக்கும்போது மற்றச் சட்டங்கள் கொஞ்சம் மங்கலாகத்தான் வருகின்றன. சுமை தூக்குவோரின் தோள்கள், எடை மேடை எல்லாம் ஒழுங்கான வேலைகள், அவ்வளவே. ஈரக் குவியல் மட்டும் இன்னும் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறது.

எல்லோரும் வரைந்துவிட்டார்களே என்ற உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். கோயிலை விட்டு ஓட வேண்டியதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவை சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே தீட்டப்பட்டவை. சுண்ணாம்பு இறுகும்போது வண்ணத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. அங்கும் ஓவியன் ஈரத்தோடு போட்டி போட்டுக்கொண்டுதான் வேலை செய்திருக்கிறான். அந்தச் சுற்றுக்குள் பொதுமக்கள் போக முடியாது. ஆனால் திருவாரூர் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்துக்குப் போகலாம், அவசியம் போங்கள். 17ஆம் நூற்றாண்டில் சிங்காதனம் என்ற ஓவியர் அதன் விதானத்தில் முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதையைத் தீட்டி, தன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார். இந்திரனிடமிருந்து தியாகராசரைப் பெற்று வரும் புராணக் கதைதான். ஆனால் ஊர்வலமும் கூட்டமும் வாணவேடிக்கையும் வரும் இடங்களில் அவர் தன் காலத்துத் திருவாரூரைத்தான் வரைந்திருக்கிறார், கீழே தமிழில் குறிப்புகளோடு. புராணத்தை வரையச் சொன்னவர்களுக்குத் தன் தெருவையும் சேர்த்துக் கொடுத்த அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கும். பகல் வெளிச்சம் நன்றாக இருக்கும்போது போங்கள். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும், பரவாயில்லை.

உங்கள் ஊர் எது என்று நீங்கள் எழுதவில்லை. முத்துப்பேட்டைப் பக்கமென்றால் அலையாத்திக் காடு, வேதாரண்யமென்றால் உப்பளம், பட்டுக்கோட்டை, பேராவூரணியென்றால் 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னந்தோப்புகளில் பிறகு நட்ட கன்றுகள். எதுவானாலும் அங்கே வேலை செய்கிறவர் எதைத் தொட்டுப் பார்க்கிறார், எதை முகர்ந்து பார்க்கிறார் என்று பக்கத்தில் நின்று கவனித்துவிட்டுப் பென்சிலை எடுங்கள். செல்போனில் படம் பிடித்து வந்து வீட்டில் வைத்து வரைவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். படத்தில் நிறம் வரும், காத்திருப்பு வராது.

மண்ணில் வேலை செய்ய எண்ணமிருந்தால் கோடையிலேயே சேகரித்துவிடுங்கள். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறக்கப்பட்டால், அடுத்த சில நாட்களில் கல்லணை திறந்து ஆறுகளில் நீர் வரத் தொடங்கும். அதற்கு முன் தூர் வாரிய கரையில் அடிமண் புதிதாகக் கிடக்கும். மேலே கிடப்பதை ஒதுக்கிவிட்டு, ஒரு முழம் கீழே தோண்டி, வேரும் கிளிஞ்சலும் இல்லாத இடமாகப் பார்த்து எடுங்கள். ஒரு சாக்கு மண் ஒரு தொகுப்புக்குத் தாராளமாகப் போதும்.