சிங்கப்பூர்-ஜோகூர் கடற்பாலத்து நெரிசலில் மட்டும் என் கார் எஞ்சின் சூடேறுகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாமா?

கழற்றாதீர்கள். எஞ்சின் சூடானதும் கூலண்டை, அதாவது குளிரூட்டும் திரவத்தை, ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு அது. உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. உட்லண்ட்ஸ் வரிசையில் ஊர்ந்து போகும்போது வெப்பமானி முள் ஏறுகிறது, விரைவுச்சாலையில் ஓடினால் இறங்கிவிடுகிறது என்கிறீர்கள். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது அந்தக் காற்றை இழுத்துத் தருவது ஃபேன் மட்டுமே. ஆகவே முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான் விழவேண்டும். இதுவே தலைகீழாக, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி, நின்றால் இறங்கியிருந்தால், ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, தேய்ந்த வாட்டர் பம்ப், உறிஞ்சப்பட்டுச் சப்பையாகும் கீழ் ஹோஸ் என்று தேடச் சொல்லியிருப்பேன்.

பலர் வெயிலைக் குறை சொல்கிறார்கள். சிங்கப்பூரில் பகல் வெப்பம் ஆண்டு முழுவதும் 31 முதல் 33 டிகிரிதான். இதைவிடக் கடுமையான வெயிலையும் தாங்கும்படிதான் குளிரூட்டும் அமைப்பை வடிவமைக்கிறார்கள். ஏற்கெனவே இருக்கும் பலவீனத்தை வெயில் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். சிஓஇ என்னும் வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து 10 ஆண்டைத் தாண்டிய வண்டி என்றால் பலவீனத்துக்குப் பஞ்சமிருக்காது.

எஞ்சினை ஓடவிட்டு ஏர்கானைப் போடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் சில விநாடிகளில் ஃபேன் சுழலவேண்டும். இரண்டு ஃபேன் இருந்தால் இரண்டையும் பாருங்கள். ஒன்று ஓடுவதைப் பார்த்து ஏமாறுவது சகஜம். முன் கிரில்லில் ஒரு தாளை வைத்தால் அது உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ளவேண்டும். வெளியே தள்ளப்பட்டால், மோட்டார் மாற்றியபோது யாரோ வயரை மாற்றி இணைத்துவிட்டார்கள். ஃபேன் எதிர்த்திசையில் சுழல்கிறது.

சுழலவே இல்லையென்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள், அடுத்து ஃபேனுக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சான ரிலேயை. ஹார்ன் ரிலே அதே வகையாக இருந்தால் அதைக் கழற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம், செலவில்லை. பிறகு எஞ்சினை நிறுத்தி, மோட்டார் கனெக்டர் உருகியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் கனெக்டரைக் கழற்றி மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுங்கள். விரலை இறக்கையிலிருந்து தள்ளி வையுங்கள். நேரடியாகக் கொடுத்தும் மந்தமாகச் சுற்றினால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. இப்படிப்பட்ட மோட்டார் குளிராக இருக்கையில் ஓடி, சூட்டில் மக்கர் செய்யும். வொர்க்‌ஷாப்பில் காலையில் பார்த்துவிட்டு 'நல்லாத்தான் இருக்கு' என்று அனுப்பிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

ஃபேன் நன்றாக இருந்தால், ரேடியேட்டருக்கும் அதன் முன்னாலிருக்கும் ஏர்கான் கண்டென்சருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். இலை, தூசு, பூச்சி எல்லாம் சேர்ந்து கம்பளம் மாதிரி படிந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி மெல்லிய தண்ணீரால் கழுவுங்கள். பிரஷர் ஜெட் வேண்டாம், தகடுகள் மடங்கிவிடும்.

அடுத்தது எல்லாரும் மறக்கும் ரேடியேட்டர் மூடி. அதில் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும். எத்தனை பார் அழுத்தம் தாங்கும் என்ற கணக்கு. சாதாரணமாக 107 டிகிரியில் கொதிக்கும் பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட், 0.9 பார் அழுத்தத்தில் 125 வரை கொதிக்காது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போயிற்று. காலையில் குளிர்ந்த எஞ்சினில் மேல் ஹோஸ் சப்பையாக இருந்தால், மூடியில் கூலண்ட் திரும்பி வரும் வால்வு அடைத்திருக்கிறது. மூடி மலிவு, அதே எண் உள்ளதாகப் பார்த்து மாற்றுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் என்ன ஆகும்? எஞ்சின் முழுச்சூட்டை எட்டாமலே ஓடி பெட்ரோலைக் குடிக்கும். சில எஞ்சின்களில் அதன் அடிவட்டுதான் பைபாஸ் வழியை மூடுகிறது. அது இல்லையென்றால் கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, சூடு இன்னும் கூடும். சந்தேகமென்றால் வெந்நீரில் தொங்கவிட்டுச் சோதியுங்கள்: 82 என்று பொறித்திருந்தால் அந்த அளவில் திறக்கத் தொடங்கி, 95இல் சுமார் 8 மில்லிமீட்டர் விரியவேண்டும்.

இங்கே உறைபனி இல்லையே, குழாய்த் தண்ணீர் போதும் என்பது தவறான யோசனை. கூலண்டில் இருக்கும் துரு தடுப்பான்தான் அலுமினிய ஹெட்டையும் பம்ப் சீலையும் காப்பாற்றுகிறது. 1.6 லிட்டர் எஞ்சினுக்கு ஏறக்குறைய 6 லிட்டர் தேவைப்படும். சரியான அளவைக் கையேட்டில் பாருங்கள். நிறம் ஒன்றாக இருப்பதால் வகையும் ஒன்று என்று நினைத்துக் கலக்காதீர்கள். ஊற்றியபின் மூடியைத் திறந்துவைத்து, ஃபேன் இருமுறை ஓடி நிற்கும்வரை எஞ்சினை ஓடவிட்டு, ஹோஸைத் துணியால் பிடித்து அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். காற்றுக்குமிழி தங்கினால் மறுநாளே சூடேறும். பழைய கூலண்டைச் சாக்கடையில் கொட்டவே கூடாது. நம் வடிகால்களில் பல நீர்த்தேக்கத்துக்குத்தான் போகின்றன. அந்த இனிப்பு விஷம் பூனை நாய்களையும் கொல்லும். வொர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து, ஒழுக்கு எதுவும் தெரியாமல் கூலண்ட் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்கவேண்டும். ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீலச் சோதனைத் திரவம் மஞ்சளானால் சிலிண்டரில் எரிந்த புகை கூலண்டுக்குள் புகுகிறது. ஒழுக்கடைக்கும் பொடிகளை ஊற்றாதீர்கள், ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும்.

அதுவரை கடற்பாலத்தில் முள் ஏறினால் ஏர்கானை அணையுங்கள். ஹீட்டர் இருந்தால் எஞ்சின் சூட்டை இழுத்துக்கொள்ள அதை முழுதாகத் திறந்து ஜன்னலை இறக்குங்கள். பல வண்டிகளில் முள் நடுவிலேயே ஒட்டிக்கொண்டு, உண்மையான ஆபத்தில்தான் நகரும். அதனால் வண்டியின் கணினியில் செருகும் ஓபிடி ரீடர் வாங்கி, கூலண்ட் எத்தனை டிகிரி என்று போனில் பாருங்கள். 110ஐத் தாண்டினால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறக்க 45 நிமிடமாவது காத்திருங்கள். விரைவுச்சாலையில் நின்றுபோனால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம் அருகிலுள்ள கார் நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துச் செல்லும்.