நகத்துக்கும் சதைக்கும் நடுவே: செயற்கை நகம் பற்றி வாசகர்கள் கேட்டவை

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டருக்கு, இணையத்தில் ஜெல் நகத் தொகுப்பு ஒன்றை வாங்கி, நான்கு மாதங்களாக வீட்டில் நானே நகம் வைத்துக்கொள்கிறேன். முதலில் எந்தத் தொந்தரவும் இல்லை. கடந்த இரண்டு முறையும் நகம் வைத்த மறுநாளே கண் இமைகள் வீங்கி அரிக்கின்றன. விரல் நுனியிலும் தோல் உரிகிறது. கண் மையை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. நகத்துக்கும் இமைக்கும் தொடர்பு இருக்குமா?

பதில்: இருக்கும். நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அக்ரிலேட் ஒவ்வாமையைத்தான். ஜெல், அக்ரிலிக், நகப் பசை ஆகிய எல்லாமே அக்ரிலேட் குடும்பத்து வேதிப்பொருட்களால் ஆனவை. திரவ நிலையில் இவை மிகச் சிறிய மூலக்கூறுகளாக இருப்பதால் தோலுக்குள் எளிதில் ஊடுருவுகின்றன. முழுமையாக இறுகிய பிறகோ (ஜெல் இறுகுவது அதற்கென உள்ள விளக்கின் ஒளியில்) நீண்ட சங்கிலிகளாகப் பிணைந்துவிடுவதால் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. ஆகவே ஆபத்து இறுகாத ஜெல்லில்தான் இருக்கிறது. அது நகத்தைச் சுற்றிய தோலில் ஒவ்வொரு முறையும் சிறிது பட்டாலும், உடலின் எதிர்ப்பாற்றல் அதை அந்நியப் பொருளாக அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்கிறது. இதற்குச் சில வாரங்களும் ஆகலாம், சில ஆண்டுகளும் ஆகலாம். எனவே இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது. இமைத் தோல் உடலிலேயே மிக மெல்லியது. நாம் நம்மை அறியாமல் நாள் முழுவதும் விரலால் முகத்தைத் தொடுகிறோம் என்பதால், விரலில் இருப்பது இமையில் தெரிகிறது.

வீட்டில் செய்துகொள்வோருக்கு இந்த ஆபத்து கூடுதல். ஒரு நிறுவனத்தின் ஜெல்லுக்கு வேறொரு நிறுவனத்தின் விளக்கைப் பயன்படுத்தினால் அலைநீளமும் ஆற்றலும் பொருந்தாமல் போய், மேற்பரப்பு உலர்ந்ததாகத் தோன்றினாலும் உள்ளே பாதி இறுகாமல் நிற்கக்கூடும். விளக்கிலிருந்து எடுத்த பின் மேலே இருக்கும் பிசுபிசுப்பும் இறுகாத ஜெல்தான். அதை வெறும் விரலால் தொட்டுப் பார்ப்பதும் தோலில் படும்படி துடைப்பதும் தவறு. கையுறை அணிந்துகொண்டால் போதும் என்று எண்ணவும் வேண்டாம். சாதாரண மெல்லிய கையுறைகளை அக்ரிலேட்டுகள் சில நிமிடங்களிலேயே ஊடுருவிவிடுகின்றன. இத்தகைய ஒவ்வாமைக்கு முக்கியக் காரணமான ஹெமா என்ற வேதிப்பொருள் கலந்த நகப் பொருட்களைப் தொழில்முறையினர் மட்டுமே கையாள வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020-ஆம் ஆண்டில் விதி வகுத்தது.

ஜெல் வைப்பதை இப்போதே நிறுத்திவிட்டு, தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனை (சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டி, ஒவ்வாமை தெரிகிறதா என்று பார்ப்பது) செய்துகொள்ளுங்கள். ஒவ்வாமை உறுதியானால் அது பொதுவாக வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். அழகு சாதனத்தோடு முடிகிற விஷயமாக இருந்தால் நான் இவ்வளவு வற்புறுத்த மாட்டேன். பல் அடைப்புக்கான பசைகள், மூட்டு மாற்று அறுவையில் பயன்படும் எலும்பு சிமென்ட், சர்க்கரை அளவைக் கண்காணிக்க உடலில் ஒட்டும் கருவிகள் ஆகியவற்றிலும் இதே குடும்பத்து வேதிப்பொருட்கள் இருக்கின்றன. பிற்காலத்தில் உங்களுக்குத் தேவைப்படக்கூடிய ஒரு சிகிச்சையில் சிக்கலை உண்டாக்கும் அளவுக்கு எந்த நக அழகும் பெறுமதியானது அல்ல. எந்த மருத்துவரிடம் சென்றாலும் இந்த ஒவ்வாமையைக் குறிப்பிடுங்கள்.

கேள்வி: ஒரு விழாவுக்காக முதன்முறையாகச் செயற்கை நகம் வைக்க இருக்கிறேன். அழகு நிலையத்தில் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ஒரு நாள் தேவைக்கு மட்டும் என்றால், இருபக்கமும் ஒட்டும் வில்லைகளைக் கொண்டு பொருத்தி, அன்றிரவே எடுத்துவிடக்கூடிய ஆயத்த நகங்களையே நான் பரிந்துரைப்பேன். அவற்றில் அரம் வைத்துத் தேய்ப்பதும் இல்லை, விளக்கும் இல்லை.

நிலையத்தில்தான் செய்துகொள்வதென முடிவெடுத்தால், உள்ளே நுழைந்ததும் மூக்கை நம்புங்கள். கண் எரியும் அளவுக்கு நெடி இருந்தால் அங்கே காற்றோட்டம் போதவில்லை. அக்ரிலிக் நகத்துக்கு எந்தத் திரவம் பயன்படுத்துகிறார்கள் என்று கேளுங்கள். எத்தில் மெத்தக்ரிலேட் என்பதே ஏற்கத்தக்க விடை. விலை குறைவு என்பதற்காகச் சிலர் பயன்படுத்தும் மெத்தில் மெத்தக்ரிலேட்டைக் குறித்து நகக் காயம், ஒவ்வாமை எனப் புகார்கள் குவிந்ததால், 1970-களிலேயே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதை 100 சதவீதம் கொண்ட நகப் பொருட்களுக்கு எதிராக நீதிமன்றம் வரை சென்று நடவடிக்கை எடுத்தது. மெத்தில் மெத்தக்ரிலேட்டால் ஆன நகம் மிகக் கடினமானது. எங்காவது சிக்கி இழுபட்டால் அது உடைவதற்குப் பதிலாக, அடியில் இருக்கும் இயற்கை நகத்தையே சதையிலிருந்து பெயர்த்துவிடும்.

உலோகக் கருவிகளை ஆட்டோகிளேவில் நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கியிருக்க வேண்டும். நீல ஒளிப் பெட்டியில் வைத்திருப்பது அதற்கு ஈடாகாது. அரமும் தேய்ப்புக் கட்டையும் உங்களுக்கென்று புதிதாகப் பிரிக்கப்பட வேண்டும். நகத்தின் அடியோரம் இருக்கும் மெல்லிய தோலை வெட்ட அனுமதிக்காதீர்கள். கிருமி உள்ளே போகாமல் காக்கும் முத்திரை அதுதான். அதை வெட்டினால் நகச்சுத்திக்கு வழி திறந்ததாகிவிடும். மின் அரம் வைக்கும்போதோ, விளக்கினுள் ஜெல் இறுகும்போதோ சுரீரென்று சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம். உடனே கையை எடுத்துவிடுங்கள். நீரிழிவு, சொரியாசிஸ், புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை, ஏற்கெனவே உள்ள நகப் பூஞ்சை ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் செய்துகொள்ளக் கூடாது.

கேள்வி: அக்ரிலிக் நகம் ஓரத்தில் சற்றுத் தூக்கிக்கொண்டது. அதன் அடியில் பச்சை நிறம் தெரிகிறது. வலி இல்லை. மேலே புதிதாகப் பூசி மூடிவிடலாமா?

பதில்: தயவுசெய்து மூடாதீர்கள். தூக்கிய இடைவெளியில் நீர் தங்கி, சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா வளர்ந்திருக்க வாய்ப்புண்டு. பச்சை நிறம் அது சுரக்கும் நிறமி. பலர் இதைப் பூஞ்சை என்று நினைத்துப் பூஞ்சைக் களிம்பைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள். செயற்கை நகத்தை அகற்றி, விரலை உலர்வாக வைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள். கிருமி ஒழிந்த பின்னும் கறை, நகம் வளர்ந்து வெளியேறும் வரை தெரியக்கூடும்.

கேள்வி: ஜெல் நகத்தை இறுக்கும் விளக்கால் தோல் புற்றுநோய் வருமா?

பதில்: அவ்விளக்குகள் பெரும்பாலும் ஏ வகைப் புறஊதாக் கதிரை வெளியிடுகின்றன, எல்.இ.டி. என்று விற்கப்படுபவையும் அப்படித்தான். 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களின் மரபணுவில் இக்கதிர் சேதம் உண்டாக்குவதைக் காட்டியது. ஆனால் தட்டில் உள்ள செல்லுக்கு, உயிருள்ள கையின் மேல்தோல் தரும் காப்பு கிடையாது. எனவே அதை மட்டும் கொண்டு புற்றுநோய் வரும் என்று சொல்லிவிட முடியாது. அதற்காக அலட்சியமாக இருக்கவும் முடியாது. விளக்கில் வைப்பதற்கு 20 நிமிடங்களுக்கு முன் கைகளில் சன்ஸ்கிரீன் பூசுங்கள், அல்லது விரல் நுனி மட்டும் திறந்த அடர்நிறத் துணிக் கையுறை அணியுங்கள். டாக்ஸிசைக்ளின் போன்று, ஒளி பட்டால் தோலும் நகமும் எளிதில் பாதிக்கப்படச் செய்யும் மருந்துகளை உட்கொள்ளும் காலத்தில் ஜெல்லைத் தவிர்ப்பது நல்லது. அம்மருந்தோடு கதிர் சேரும்போது நகம் சதையிலிருந்து விட்டு எழும்பக்கூடும்.

கேள்வி: நான் செவிலியர். நன்றாகக் கை கழுவினாலும் செயற்கை நகம் கூடாது என்கிறார்களே, இது மிகையான கட்டுப்பாடு அல்லவா?

பதில்: மிகை அல்ல, சகோதரி. செயற்கை நகத்தின் அடியில் இருக்கும் கிருமிகள் கழுவிய பின்னும் இயற்கை நகத்தைவிட அதிகமாக எஞ்சுகின்றன. நோயாளிகளை நேரடியாகத் தொட்டுப் பணிபுரிவோர் செயற்கை நகம் அணியலாகாது என்றும், இயற்கை நகத்தின் நுனியும் 0.5 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டின் கை தூய்மை வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. எதிர்ப்பாற்றல் குன்றிய ஒரு நோயாளியையோ, குறைமாதக் குழந்தையையோ தொடும் கை உங்களுடையது.

கேள்வி: ஜெல்லை உரித்து எடுத்ததில் என் நகம் தாள்போல் மெலிந்து, தண்ணீர் பட்டாலே வலிக்கிறது. மீண்டும் சரியாகுமா? அடுத்த முறை எப்படி எடுப்பது?

பதில்: சரியாகும், ஆனால் நாளாகும். இயற்கை நகம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனே கொண்டது. ஜெல்லை இழுத்து உரிக்கும்போது அதன் மேலடுக்குகளும் சேர்ந்து போய்விடுகின்றன. கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்வதால், அடியிலிருந்து நுனிவரை புதுப்பிக்கப்பட ஏறத்தாழ ஆறு மாதங்கள் பிடிக்கும். அதுவரை நகத்தைக் குட்டையாக வெட்டி, இரவில் வாசலின் அல்லது எண்ணெய் தடவுங்கள். பாத்திரம் கழுவும்போது உட்புறம் பருத்தி வைத்த கையுறை அணியுங்கள்.

அடுத்த முறை ஜெல்லின் மேற்பளபளப்பை மட்டும் இலேசாகத் தேய்த்து, சுற்றியுள்ள தோலுக்கு வாசலின் பூசி, அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தின் மேல் வைத்து அலுமினியத் தாளால் சுற்றி 15 முதல் 20 நிமிடம் பொறுத்திருங்கள். நெகிழ்ந்தது மட்டும் தானே வழுகி வரும். வராத இடத்தைச் சுரண்டாமல் மறுபடியும் ஊற வையுங்கள். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும், ஆகவே அடுப்பு, மெழுகுவத்தி, புகைபிடிப்பவர் ஆகியவற்றின் அருகே இதைச் செய்யாதீர்கள். சீக்கிரம் வேலை செய்யட்டும் என்று அதைச் சூடாக்கவும் கூடாது.