பக்கத்து மேசை காலியாக இருக்கிறது

கேள்வி: எனக்கு வயது 43. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், என் வயதுதான், மூன்று வாரத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். வெள்ளிக்கிழமை மாலை ஒன்றாக டீ குடித்தோம். மகனுக்கு சைக்கிள் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். ஞாயிறு காலை அவர் இல்லை. அன்றிலிருந்து வீட்டுக் கடன், பதவி உயர்வு எதிலும் மனம் ஒட்டவில்லை. ராத்திரி விழித்துக்கொண்டு என் நாடியை நானே பிடித்துப் பார்க்கிறேன். இவ்வளவுதானா வாழ்க்கை?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: இவ்வளவுதான், தம்பி. இல்லை என்று சொல்லித் தேற்ற எனக்கு வரவில்லை.

உங்களுக்கு வந்திருப்பதற்கு நம் ஊரில் மயான வைராக்கியம் என்று பெயர். சுடுகாட்டில் நிற்கும்போது எல்லாம் வீண் என்று தோன்றும். குளித்துவிட்டு வந்து இலையில் உட்கார்ந்ததும் ரசத்தில் உப்பு போதவில்லை என்று முகம் சுளிப்போம். கேலியாகத்தான் சொல்வார்கள். எனக்கு அது கேலியாகப் படவில்லை. மறக்கத் தெரியாவிட்டால் மறுநாள் அடுப்பு மூட்டுவது யார்? உங்களுக்கும் இது மங்கிவிடும். அதற்குள் சில வேலைகளை முடித்துவிடுங்கள். அப்புறம் செய்யமாட்டீர்கள்.

என் தங்கையின் கணவரும் இப்படித்தான் போனார். காரியம் முடிந்த மறுநாள் இஸ்திரிக்காரர் அவருடைய ஐந்து சட்டைகளை மடித்து எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். விஷயம் தெரியாமல் "சார் இல்லீங்களா?" என்று கேட்டார். கடைசியில் காசு வாங்காமலே போனார். சட்டைகள் வந்து சேர்ந்தன. செல்போனைத்தான் யாராலும் திறக்க முடியவில்லை. எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்று தங்கைக்குத் தெரியாது. அழக்கூட நேரமில்லாமல் பாஸ்புக் தேடிக்கொண்டிருந்தாள்.

அதனால் இந்த ஞாயிறு மனைவியுடன் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். 2025 நவம்பரிலிருந்து ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். ஆனால் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக் கொடுக்கும் கைதான், பணம் வாரிசுகளுக்கு. யாருக்கு எது என்று உங்களுக்கு ஓர் எண்ணம் இருந்தால் உயில் எழுத வேண்டும். வெள்ளைத்தாள் போதும், இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும், பதிவு கட்டாயமில்லை. உயில் எழுதினால் ஆயுசு குறையும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். எழுதாதவர்களும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நாடி பார்ப்பதை டாக்டரிடம் விட்டுவிடுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கம் திரும்பாவிட்டால் 14416-க்குப் பேசுங்கள். அரசின் டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவை அது. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், அந்த வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள். பதினாறாம் நாள் முடிந்து கூட்டம் கலைந்திருக்கும். ஆறுதல் சொல்லத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். வெள்ளிக்கிழமை டீக்கடையில் சைக்கிளைப் பற்றி அவர் என்ன சொன்னார், எந்தக் கடை, என்ன நிறம், அதைச் சொன்னால் போதும். அந்தப் பையனுக்கு இன்னும் தெரியாமல் இருக்கலாம்.