மயிர்க்கொட்டி வரும் நாளும் குஞ்சு பொரிக்கும் நாளும்

வடக்கு ஐரோப்பாவின் காடுகளில் வசந்தம் முந்துகிறது, புழுக்களும் முந்துகின்றன, பறவைக் குஞ்சுகள் மட்டும் பிந்திவிடுகின்றன என்று சென்ற கிழமை இரண்டு வரி சொல்லியிருந்தேன். அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். முப்பது ஆண்டுகள் உயிரியல் படிப்பித்தவன் என்பதால் சில இடங்களில் மணி அடித்த பிறகும் பாடம் நடக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுன்னாகத்திலிருந்து உயர்தர மாணவி: சேர், மரம், புழு, பறவை மூன்றுக்கும் நாள் கணக்கில் ஒரு பிணைப்பு இருக்கிறது என்றீர்கள். கொஞ்சம் விளக்குவீர்களா?

பிள்ளை, முதலில் நெதர்லாந்தில் ஓர் ஓக் மரத்தடிக்குப் போவோம். குளிர்காலத்தில் அந்த மரம் மொட்டை. மார்கழி வாக்கில் குளிர்கால அந்துப்பூச்சி என்ற ஒரு பூச்சியின் பெண் அந்த மரத்தில் ஏறி முட்டையிடும். ஏறும் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்குப் பறக்கத்தக்க சிறகு கிடையாது, அடிமரத்திலிருந்து நடந்தே போகும். சித்திரையில் மொட்டுகள் விரியும்போது முட்டைகளும் பொரிக்க வேண்டும். மொட்டு விரிவதற்குச் சில நாள் முந்திப் பொரித்தால் புழுவுக்குத் தின்ன எதுவும் இல்லை, பட்டினியால் சாகும். பிந்திப் பொரித்தாலும் ஆபத்துத்தான். ஓக் இலை முற்ற முற்றத் தடிக்கும், அதில் தனின் என்ற துவர்ப்புப் பொருள் ஏறும். அந்த இலையைத் தின்று வளரும் புழு சவலைப்பிள்ளை மாதிரி இருக்கும். ஆகவே தளிர் இருக்கும் சில கிழமைக்குள் தின்று முடித்து, நூலில் இறங்கி, மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகிவிட வேண்டும்.

அந்தச் சில கிழமைகளை நம்பித்தான் பட்டாணிக்குருவி குடும்பம் நடத்துகிறது. ஒரு கூட்டில் எட்டு, ஒன்பது குஞ்சுகள் இருக்கும். விடிந்ததிலிருந்து இருட்டும் வரை தாயும் தகப்பனும் மாறி மாறிப் புழு கொண்டுவந்து வாயில் வைக்கும். காட்டில் புழு மிகுந்திருக்கும் நாட்களும் குஞ்சுகளுக்குப் பசி மிகுந்திருக்கும் நாட்களும் ஒன்றின் மேல் ஒன்று விழவேண்டும். விழாவிட்டால் குஞ்சு மெலியும், கூட்டை விட்டுப் பறந்த பிறகும் தப்புவது அரிது.

நெல்லியடி: புழு முந்தினால் பறவையும் முந்தி முட்டையிட வேண்டியதுதானே? இதில் என்ன சிக்கல்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு ஒரு முட்டை வீதம் ஒன்பது முட்டைக்கு ஒன்பது நாள். அடைகாக்கப் பதின்மூன்று நாள் அளவில். பொரித்த பிறகு குஞ்சுக்குப் பசி உச்சத்துக்குப் போக இன்னும் பத்து நாள். ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. புழு நிறைந்திருக்கும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே தாய் முட்டையிடத் தொடங்க வேண்டும். அந்த நேரத்தில் மரத்தில் புழுவே இருக்காது. கலியாணத்துக்கு ஒரு மாதம் முன்பே, எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமல், சமையலுக்குச் சொல்லிவைப்பது போன்ற வேலை இது.

அப்படியானால் தாய் எதைப் பார்த்து முடிவெடுக்கிறது? பகல் நீள்வதைப் பார்க்கிறது, அந்த வாரங்களின் வெப்பத்தையும் உணர்கிறது. முட்டைக்குள் இருக்கும் புழுவும் மொட்டும் வெப்பத்தோடுதான் பெரும்பாலும் ஓடுகின்றன. முட்டையிடும் காலம் சூடாகாமல் அதற்குப் பிந்திய கிழமைகள் மட்டும் சூடானால் புழு வேகமாக வளர்ந்து முடித்துவிடும். தாய் அப்போது அடையில் இருக்கும். முட்டைகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாதல்லவா.

தூர தேசத்துப் பறவைக்கு நிலை இன்னும் மோசம். கறுப்பு வெள்ளை ஈபிடிப்பான் என்ற சிறு குருவி மேற்கு ஆபிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு ஐரோப்பாவுக்குத் திரும்பும். புறப்படும் நாளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பகலின் நீளமும் உடலுக்குள் இருக்கும் நாட்காட்டியும். நெதர்லாந்தில் இலை முந்திவிட்டது என்று ஆபிரிக்காவில் இருக்கும் குருவிக்கு யார் சொல்வது? 2001இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள்: குருவி வந்து இறங்கும் நாள் மாறவில்லை, வந்த பிறகு அவசர அவசரமாக முட்டையிட்டும் போதவில்லை. 2006இல் வந்த அடுத்த ஆய்வு இன்னும் கனமானது. புழுக்கள் மிக முந்தி உச்சத்துக்கு வரும் காடுகளில் இருபது ஆண்டுக்குள் இந்தக் குருவிகள் 90 சதவீதம் அளவுக்குக் குறைந்துவிட்டன. புழு பிந்தி வரும் காடுகளில் அந்த அளவு வீழ்ச்சி இல்லை.

லண்டனிலிருந்து: ஐயா, இங்கே ஒக்ஸ்போர்டுக்கு அருகிலுள்ள வைதம் காட்டில் பட்டாணிக்குருவிகள் நன்றாகச் சமாளிக்கின்றன என்று படித்தேன். நீங்கள் சொல்வதற்கு எதிராக இருக்கிறதே?

தம்பி, நல்ல கேள்வி. வைதம் காட்டில் 1947 முதல் கூட்டுப்பெட்டி வைத்துக் குறித்து வருகிறார்கள். அங்கே முட்டையிடும் நாள் அரை நூற்றாண்டுக்குள் ஏறக்குறைய இரண்டு கிழமை முந்திவிட்டது, புழுவோடு ஒட்டியே போகிறது. அதே இனக் குருவி நெதர்லாந்தில் பின்தங்கியது. குருவி கெட்டிக்காரியா இல்லையா என்பது இங்கே விடயமில்லை. முட்டையிடும் கிழமைகளும் புழு வளரும் கிழமைகளும் சேர்ந்து சூடாகின்றனவா, ஒன்று மட்டும் சூடாகிறதா என்பதில்தான் வேறுபாடு. "பறவைகள் அழிகின்றன" என்று ஒரே வரியில் எழுதுபவர்களிடம் எனக்குச் சிறு கோபம் உண்டு, அதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நெதர்லாந்தில் அந்துப்பூச்சியே சில காலம் ஓக் மரத்தைத் தவறவிட்டது. மொட்டு விரியப் பல நாள் இருக்கும்போதே பொரித்துப் பட்டினி கிடந்தது. பிந்திப் பொரித்தவை மட்டும் பிழைத்தன, அவற்றின் சந்ததியும் பிந்திப் பொரித்தது. சில பத்தாண்டுகளுக்குள் அந்தப் பூச்சி தன் நாளைத் திருத்திக்கொண்டுவிட்டது. ஆண்டுக்கு ஒரு தலைமுறை என்பதால் அவ்வளவு விரைவாக முடிந்தது.

கோப்பாய்: இதெல்லாம் வெள்ளைக்காரன் காட்டுக் கதை. எங்கள் பக்கம் ஓக் மரமும் இல்லை, வசந்தமும் இல்லை. யாழ்ப்பாணத்தில் என்ன நடக்கிறது?

அந்தக் கதையை அப்படியே தூக்கி எங்கள் வளவுக்குள் நடக்கூடாது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். நெதர்லாந்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்பது மணி நேர வித்தியாசம். எங்களுக்கு அது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். குளிர் என்று சொல்லத்தக்க குளிரும் இல்லை. இங்கே மணியடிப்பது மழை. ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டி முடிந்துவிடும். முதல் மழை விழுந்து சில நாளில் வேலியில் பூவரசும் சீமைக்கிளுவையும் துளிர்க்கின்றன, தேசி மரத்தில் செந்தளிர் வருகிறது. தளிரைத் தேடி வண்ணத்துப்பூச்சி வருகிறது.

நாளைக் காலை உங்கள் தேசி மரத்தின் இளம் இலைகளைக் கவனியுங்கள். குருவி எச்சம் போட்டதுபோல் கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் ஈர்க்குச்சியால் மெல்லத் தொடுங்கள். தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் கவட்டைக் கொம்பு ஒன்று வெளியே நீளும், குப்பென்று ஒரு நாற்றம் அடிக்கும். அதுதான் தேசி வண்ணத்துப்பூச்சியின் குட்டிப் புழு. வளர்ந்தால் பச்சையாகி இலையோடு இலையாக மறைந்துவிடும். எச்சமென்று நினைத்துக் குருவி விட்டுவிட்டுப் போகட்டும் என்பதற்காகத்தான் சின்ன வயதில் அந்த வேடம்.

எங்கள் பறவைகள் பொதுவாக இரண்டு, மூன்று, நான்கு முட்டைதான் இடுகின்றன, அதையும் ஒரே கிழமையில் எல்லாம் சேர்ந்து இடுவதில்லை. புலுனிக் கூட்டம் ஆண்டின் பல மாதங்களில் கூடு கட்டும். ஒரு முறை தவறினால் மறுமுறை பார்க்கலாம். ஆகவே ஐரோப்பாவில் ஒரு கிழமை பிசகினால் விழும் அடி இங்கே அப்படியே விழாது. மழை ஒரு மாதம் பிந்தினாலோ, மாசியில் பருவம் தப்பிக் கொட்டினாலோதான் எங்களுக்குச் சிக்கல். மாம்பூ கொட்டுவதைப் பார்த்த தென்மராட்சிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சாவகச்சேரியிலிருந்து ஓர் அம்மா: முருங்கையில் மயிர்க்கொட்டி அப்பிக்கிடக்கிறது. பந்தம் கொளுத்திச் சுடுவதா, மருந்தடிப்பதா? இதையும் குருவி தின்னும் என்று சொல்லாதீர்கள், ஒன்றும் தின்னவில்லை.

அம்மா, பெரும்பாலான குருவிகள் தின்னா. அந்த மயிர் எங்கள் கையில் பட்டால் என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் குயில் குடும்பம் தின்னும். போன மாரியில் எங்கள் கிணற்றடி முருங்கையில் ஒரு செண்பகத்தைக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு மயிர்க்கொட்டியை நடுவில் பிடித்தது, கிளையில் இரண்டு தரம் அடித்தது, பிறகு அலகால் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை இழுத்து இழுத்து நசித்தது, விழுங்கியது. அலகைக் கொப்பில் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போனது. ஏழு எண்ணினேன். அதற்குள் மனைவி தேநீர் ஆறிவிட்டது என்று கூப்பிட்டுவிட்டாள். குயில் இனங்களில் இரைப்பையின் உட்சுவரில் அந்த மயிர்கள் குத்திக்கொண்டு நிற்கும். சிலவற்றில் அந்தச் சுவரின் உட்தோல் கழன்று வெளியே வந்துவிடும், புதிதாக ஒன்று வளரும்.

பகலில் அவை அடிமரத்தில் கூட்டமாகக் கிடக்கும், இரவில் ஏறி இலை தின்னும். வாசலுக்குப் பக்கத்து மரமென்றால், பிள்ளைகள் நடமாடும் இடமென்றால், பகலில் அடிமரத்தில் இருக்கும்போது சுட்டுவிடுங்கள், நான் குறை சொல்லமாட்டேன். பின்வளவு மரமென்றால் விடுங்கள். மொட்டையடித்தாலும் முருங்கை மீண்டும் துளிர்க்கும். மருந்து மட்டும் வேண்டாம். அந்த இலையைத்தான் நாளைக்கு வறை வறுக்கப்போகிறீர்கள்.

மானிப்பாய்: குயில் சித்திரையில்தானே வருகிறது? எங்கிருந்து?

எங்கிருந்தும் வருவதில்லை. ஆண்டு முழுவதும் இங்கேதான் இருக்கிறது. மற்ற மாதங்களில் வாய் திறப்பது குறைவு, அவ்வளவுதான். காகம் கூடு கட்டும் காலத்தோடு தன் காலத்தைப் பொருத்திக்கொண்டு கூவுகிறது. குயிற்குஞ்சு காகக்குஞ்சுக்கு இரண்டு மூன்று நாள் முந்தியே பொரித்துவிடும், பசியென்று முதலில் கத்துவதும் அதுதான். சுடலைக்குயில் இதையே புலுனிக்குச் செய்கிறது. முட்டையின் நீலம்கூடப் புலுனி முட்டையின் நீலம்.

உரும்பிராய்: வேம்பில் ஏன் புழு இல்லை?

வேம்பில் அசாடிராக்டின் என்ற பொருள் இருக்கிறது. அது புழுவின் பசியைக் கெடுக்கும், தோலுரிப்பதைத் தடுக்கும். முற்றாக ஒன்றும் தின்னாது என்றில்லை, குறைவு. வேம்பு பறவைக்குக் கொடுப்பது பழம். அதற்கு ஆனி, ஆடி வரை பொறுக்க வேண்டும்.

நீர்வேலியிலிருந்து ஒரு தோட்டக்காரர்: சிட்டுக்குருவி தானியம் தின்கிற சாதி. அதற்கும் புழுவுக்கும் என்ன தொடர்பு?

அண்ணை, பெரிய குருவிதான் தானியம் தின்னும். குஞ்சுக்கு முதல் நாட்களில் ஊட்டுவது பூச்சியும் புழுவும். சிறகும் தசையும் வளரப் புரதம் வேண்டும், நெல்மணியை அந்தச் சின்ன வயிறு செரிக்காது. தூக்கணாங்குருவியும் அப்படித்தான், பூவில் தேன் குடிக்கும் தேன்சிட்டும் அப்படித்தான். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் நீங்கள் மருந்தடிக்கும் கிழமை, வேலியில் குஞ்சு இருக்கும் கிழமையாக இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. வேலிப் பூவரசுக்குக் காற்றில் மருந்து போகாத நேரம் பார்த்து அடியுங்கள். அதுவே பெரிய உதவி.

முதலில் கேட்ட மாணவி மீண்டும்: சேர், நான் இதைக் குறித்துவைக்க விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?

ஒரு கொப்பி போதும். "முதல் குயில் கூவிய நாள்" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதேயும். நீர் எத்தனை நாள் காது கொடுத்தீர் என்பதைப் பொறுத்து அந்த நாள் மாறும். இரண்டு மரத்தைத் தெரிந்தெடும், ஒரு முருங்கை, ஒரு தேசி. ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே நேரத்தில் பார்த்து, தளிர் எவ்வளவு, புழு எத்தனை, எந்தப் பறவை வந்தது என்று எழுதும். ஒன்றும் இல்லையென்றால் "இல்லை" என்று எழுதும், அதுவும் தரவுதான். மழை பெய்த நாட்களை ஓரத்தில் குறித்துவிடும்.

ஐரோப்பாவில் உயர்ந்த ஓக் மரத்தின் புழுவை எண்ண மரமேறுவதில்லை. கீழே துணி விரித்து, விழும் புழு எச்சத்தைக் காயவைத்து நிறுக்கிறார்கள். அப்பாவின் பழைய வெள்ளை வேட்டி ஒன்றை முருங்கைக்குக் கீழே ஓர் இரவு விரித்துப் பாரும், காலையில் மிளகு கொட்டியதுபோல் கிடக்கும். எடுக்கமுன் அப்பாவிடம் கேட்டுக்கொள்ளும்.

பருத்தித்துறை: நேற்று விடிய விறாந்தையில் ஆறுமணிக்குருவி ஒன்று அசையாமல் கிடந்தது. உயிர் இருக்கிறது. என்ன செய்வது?

இரவில் பறந்து வந்து களைத்திருக்கும், அல்லது சுவரில் மோதியிருக்கும். ஐப்பசியில் இது வழமை. இந்தக் குருவி இரண்டு மழையை நம்பி வாழ்கிறது: இந்தியாவில் தென்மேல் பருவமழைக்குள் குஞ்சு பொரித்து வளர்த்துவிட்டு, வடகீழ் மழை எங்கள் மண்ணை நனைத்துப் புழுக்கள் மேலே வரும் நேரத்துக்கு இங்கே வந்து இறங்குகிறது.

ஒரு சப்பாத்துப் பெட்டியில் நாலு துளை போட்டு, அடியில் துணி விரித்து, உள்ளே வைத்து மூடுங்கள். பூனைக்கு எட்டாத, இருட்டான, சத்தமில்லாத இடமாக இருக்கட்டும். வாயைத் திறந்து தண்ணீரோ சோறோ ஊட்டாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். இரண்டு மணி நேரம் கழித்துப் பெட்டியை வளவின் மரநிழலுக்குக் கொண்டுபோய்த் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். போகாவிட்டால் மீண்டும் மூடிவையுங்கள், பின்னேரம் இருட்டமுன் இன்னொரு தரம் திறந்து பாருங்கள். காலில், சிறகில் முறிவு தெரிந்தால் மட்டும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.